இருசக்கர ஊர்திகளும் சாலையின் இடைவெளிகளும்

1951ஆம் ஆண்டில் நமது நாட்டில் பதிவு பெற்றிருந்த மோட்டார் ஊர்திகள் மொத்தம் 3 லட்சத்து 6 ஆயிரம். அவற்றுள் இருசக்கர ஊர்திகள் 27 ஆயிரமே. அதாவது நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு. 1981இல் மொத்த எண்ணிக்கை சுமார் 54 லட்சமாக உயர்ந்தபோது இருசக்கர ஊர்திகள் 26 லட்சத்தைத் தாண்டி, ஏறத்தாழச் சரிபாதியாகிவிட்டன. அடுத்த பத்தே ஆண்டுகளில், 1991இல், 2 கோடியே 14 லட்சம் ஊர்திகளில் 1 கோடியே 42 லட்சம் இருசக்கர ஊர்திகள். 2011இல் 14 கோடியே 19 லட்சத்தில் 10 கோடியே 19 லட்சம். பதிவான நான்கு ஊர்திகளுள் மூன்று இருசக்கர ஊர்திகள் என்னும் விகிதம் அதன் பின்னரும் பெரிதும் மாறவில்லை.

பேருந்துக்காகக் காத்து நின்ற எழுத்தர், மிதிவண்டியில் சென்ற பால்காரர், பத்து மைல் தொலைவில் வேலை கிடைத்தும் செல்ல இயலாதிருந்த தொழிலாளி ஆகியோரெல்லாம் சொந்த ஊர்தி பெற்ற வரலாறே இப்புள்ளிவிவரங்களில் அடங்கியிருக்கிறது. பொருளாதார வளர்ச்சியின் பயனை நடுத்தர, கீழ் நடுத்தரக் குடும்பங்கள் நேரடியாக உணர்ந்த இனங்களுள் இது முதன்மையானது. ஆயினும் இம்மாறுதலுக்கேற்பச் சாலைகள் மாறவில்லை. தடக்கோடுகள், நிறுத்தக்கோடுகள், போக்குவரத்து விளக்குகளின் கால அளவு ஆகிய யாவும் நான்கு சக்கர ஊர்திகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. சாலையில் பெரும்பான்மையினராக உள்ளவர்கள், சிறுபான்மையினருக்காக வரையப்பட்ட கோடுகளுக்கிடையே தமக்கு வழி தேடிக்கொள்கிறார்கள்.

அவ்வழி ஊர்திகளுக்கிடையே உள்ள சந்து. நிற்கும் அல்லது நகரும் இரு வரிசைகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளையோ ஸ்கூட்டரையோ செலுத்தி முன்னேறுவதை இக்கட்டுரையில் ‘இடைபுகுதல்’ என்று குறிப்பிடுவோம். மேலைநாடுகளில் இதனை அனுமதிப்பதா, தடுப்பதா என்பது குறித்துச் சட்டமன்றங்கள் நீண்ட காலம் விவாதித்துள்ளன. நம் நாட்டிலோ அது விவாதத்திற்கு இடமின்றி அன்றாட வழக்கமாகிவிட்டது. அதன் நன்மை என்ன, தீமை என்ன, நன்மையை இழக்காமல் தீமையைக் குறைப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பொருளின் கனத்தை உணர்த்த ஓரிரு எண்கள் போதும். மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். இவர்களுள் 74,897 பேர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். 2023இல் மொத்த இறப்புகள் 1,72,890ஆக உயர்ந்தன. அதிலும் இருசக்கர ஊர்தியில் சென்றோரின் பங்கு ஏறத்தாழ 45 விழுக்காடு. இவ்விறப்புகளில் இடைபுகும்போது நேர்ந்தவை எத்தனை? வெளியிடப்படும் அட்டவணைகளில் இக்கேள்விக்கு விடை இல்லை. பின்னாலிருந்து மோதியது, நேருக்கு நேர் மோதியது, பக்கவாட்டில் மோதியது, மோதிவிட்டு நிற்காமல் சென்றது என்றெல்லாம் தலைப்புகள் உள்ளன; ஊர்தி வரிசைகளுக்கிடையே சென்றபோது நேர்ந்தது என்று ஒரு தலைப்பு இல்லை. இக்குறையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியுள்ளது.

இடமும் நேரமும்

நமது நெடுஞ்சாலைத் தரங்களின்படி ஒரு தடத்தின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். ஒரு காரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். அடுத்தடுத்த இரு தடங்களில் இரு கார்கள் தத்தம் தடத்தின் நடுவே நின்றால் அவற்றுக்கிடையே 1.8 மீட்டர் எஞ்சுகிறது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலம் முக்கால் மீட்டர் அளவில் இருக்கும். ஆகவே இருபுறமும் அரை மீட்டருக்கு மேல் இடம் விட்டுச் செல்லலாம். இதே கணக்கைப் பேருந்துக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறாகிறது. பேருந்தின் அகலம் சுமார் 2.6 மீட்டர். ஒருபுறம் பேருந்தும் மறுபுறம் காரும் நின்றால் எஞ்சுவது 1.35 மீட்டர், இருபுறமும் பேருந்துகளாயின் 0.9 மீட்டர். பின்னதில் செல்பவருக்கு இருமருங்கிலும் நான்கு விரற்கடை இடம்கூட இல்லை. இவ்வளவும் ஊர்திகள் தடத்தின் நடுவில் நிற்பதாகக் கொண்ட கணக்கு. இரண்டு தடங்கள் உள்ள இடத்தில் மூன்று வரிசைகள் அமைத்துக்கொள்ளும் நமது நகரங்களில் இடைவெளி என்பது ஒவ்வொரு கணமும் தோன்றி மறைவது.

இனி நேரத்தின் கணக்கு. போக்குவரத்து விளக்கருகே ஒரு தடத்தில் இருபது கார்கள் நிற்பதாகக் கொள்வோம். பச்சை விளக்கு எரிந்ததும் ஒவ்வொரு காரும் நிறுத்தக்கோட்டைக் கடக்க ஏறத்தாழ இரண்டு வினாடி எடுத்துக்கொள்ளும். இருபதாவது கார் கடப்பதற்குள் நாற்பது வினாடியாகிவிடும். பச்சை விளக்கு முப்பது வினாடியே எரியுமாயின் கடைசி ஐந்து கார்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அவற்றின் பின்னே வந்த ஸ்கூட்டர்க்காரர் சந்து வழியே முன்னால் சென்று நின்றால் முதல் வினாடியிலேயே கடந்துவிடுகிறார். ஒரு சந்திப்பில் ஒரு நிமிடம் மிச்சமானாலும், நாளொன்றுக்குப் பத்துச் சந்திப்புகளைக் கடப்பவருக்கு ஆண்டில் 300 வேலை நாட்களில் 50 மணி நேரம் மிச்சம். இதனைப் பொறுமையின்மை என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடுவது பொருளியல் நோக்கில் சரியாகாது.

இந்த நன்மை ஓட்டுபவருடன் நின்றுவிடுவதுமில்லை. இரு தடச் சாலையில் 40 கார்களும் 60 இருசக்கர ஊர்திகளும் வந்து நிற்கின்றன என்க. காருக்கு ஆறரை மீட்டரும் இருசக்கர ஊர்திக்கு மூன்று மீட்டரும் வேண்டும் எனக் கொண்டு, எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நின்றால் ஒவ்வொரு தடத்திலும் வரிசை 220 மீட்டர் நீளும். இருசக்கர ஊர்திகள் இடைவெளிகளிலும் முன்புறத்திலும் நின்றால் அதே வரிசை 130 மீட்டரில் முடிந்துவிடும். 90 மீட்டர் குறைவதால் பின்னாலுள்ள சந்திப்பு அடைபடுவதில்லை. காரில் இருப்பவரும் பயனடைகிறார். இடைபுகுதலை முற்றிலும் தடைசெய்து, அத்தடையை உண்மையாகவே செயற்படுத்திவிட்டால், முதலில் குறைகூறப் போகிறவர்கள் கார் உரிமையாளர்களாகத்தான் இருப்பார்கள்!

இந்திய சாலைப் பேராயம் 1990இல் வெளியிட்ட நகர்ப்புறச் சாலைகளின் கொள்ளளவு பற்றிய வழிகாட்டி நெறிகள், ஒரு காரை 1 எனக் கொண்டு, இருசக்கர ஊர்திக்கு 0.5 அல்லது 0.75 என மதிப்பளிக்கின்றன. போக்குவரத்தில் அவற்றின் பங்கு 5 விழுக்காடாயின் முதல் மதிப்பு. 10 விழுக்காடும் அதற்கு மேலுமாயின் இரண்டாவது மதிப்பு. பத்து விழுக்காட்டிற்கு மேல் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரே மதிப்புத்தான் என்பதைப் பயிலும் மாணவர்கள் கவனிக்கலாம்.

வேகமன்று, வேக வேறுபாடு

நின்றுகொண்டிருக்கும் வரிசைகளுக்கிடையே மெதுவாக ஊர்ந்து முன்செல்வது ஒன்று; ஓடிக்கொண்டிருக்கும் ஊர்திகளுக்கிடையே அவற்றைவிட விரைவாகப் புகுந்து செல்வது மற்றொன்று. நாம் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தாலும் அபாயத்தின் அளவில் இவற்றுக்குத் தொடர்பே இல்லை எனலாம்.

காரைவிட மணிக்கு 10 கிலோமீட்டர் மட்டும் கூடுதலான வேகத்தில் வருபவர் ஒரு வினாடியில் அக்காரை நோக்கி 2.8 மீட்டர் நெருங்குகிறார். வேறுபாடு 40 கிலோமீட்டராயின் 11 மீட்டர் நெருங்குகிறார். கார் ஓட்டுபவர் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் எவருமில்லை என்று கருதி, சக்கரத்தைத் திருப்ப இரண்டு வினாடி ஆகிறது எனில், முதலாமவர் அதற்குள் ஐந்தரை மீட்டர் தூரமே கடந்திருப்பார், கண்ணாடியிலும் தெரிந்திருப்பார். இரண்டாமவரோ கண்ணாடி பார்க்கப்பட்ட கணத்தில் 22 மீட்டர் பின்னால், வேறொரு ஊர்தியின் மறைவில் இருந்தவர். இருவருக்கும் நேரும் மோதலின் கடுமையும் ஒன்றாகாது; மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், நான்கு மடங்கு வேக வேறுபாடு பதினாறு மடங்கு ஆற்றலாகிறது.

பார்க்கப்படாமை என்பதே இருசக்கர ஊர்தி விபத்துகளின் மூலகாரணங்களுள் முதன்மையானது என்பதை அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் 1981இல் வெளியான ஆய்வு நிறுவியது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை நடந்த இடத்திற்கே சென்று ஆராய்ந்த அக்குழு, வேறொரு ஊர்தியும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டில் தவறு மற்ற ஊர்தியை ஓட்டியவருடையது என்று கண்டது. பலர் மோட்டார் சைக்கிள் வருவதையே தாம் காணவில்லை என்றனர். நமது நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர ஊர்திகளில் பகலிலும் முகப்பு விளக்கு தானே எரியும்படி செய்யப்பட்டிருப்பதன் நோக்கம் இதுவே. பகலில் விளக்கு எரிகிறது என்று எதிரே வருவோர் சைகை காட்டி நினைவூட்டிக்கொண்டிருந்த முதற்சில மாதங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

தடம் மாறும் கார் ஒன்றே இடைவெளியின் ஆபத்தன்று. நின்ற காரின் கதவு திடீரெனத் திறக்கலாம். பேருந்து நிறுத்தத்திற்குச் சற்று முன்பே பயணி இடப்புறம் குதித்து இறங்கலாம். நிற்கும் இரு லாரிகளுக்கு நடுவிலிருந்து பாதசாரி வெளிப்படலாம். எதிர்பாராத மற்றொரு ஸ்கூட்டரும் அதே சந்தைக் குறிவைத்து வரலாம். இரண்டின் கைப்பிடிகளும் உரசினால் சாய்ந்து விழுவதற்கு வேகமே தேவையில்லை. விழுவதால் ஏற்படும் காயத்தைவிட, விழுந்த இடத்தில் பேருந்தின் பின்சக்கரம் இருப்பதே உயிரைப் போக்குகிறது.

கனரக ஊர்தியின் இடப்புறம்

இதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். லாரியோ பேருந்தோ இடப்புறம் திரும்பும்போது முன்சக்கரம் சென்ற பாதையிலேயே பின்சக்கரம் செல்வதில்லை. உட்புறமாகக் குறுக்கிச் செல்லும். முன், பின் அச்சுகளுக்கிடையே 5 மீட்டர் உள்ள ஒரு லாரியின் இடது முன்சக்கரம் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பினால், இடது பின்சக்கரம் சுமார் 8.7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். பள்ளிக் கணிதத்தின் செங்கோண முக்கோணமே இதற்குப் போதும். அதாவது முன்சக்கரத்தைப் பார்த்து, நமக்கு இடமிருக்கிறது என்று ஒதுங்கி நிற்பவரை நோக்கிப் பின்சக்கரம் ஒன்றேகால் மீட்டருக்கும் மேலாக நெருங்கி வரும். நீண்ட ஊர்தியாயின் இன்னும் அதிகம்.

நமது நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். இடது முன்மூலையை ஒட்டிய பகுதி அவர் கண்ணுக்கு எட்டாதது. கண்ணாடிகளிலும் முழுமையாக அகப்படாதது. சந்திப்பை நெருங்கும் பேருந்துக்கும் நடைபாதைக் கல்லுக்கும் இடையே புகும் ஸ்கூட்டர்க்காரர், காணப்படாத இடத்திற்கும் குறுகிவரும் இடத்திற்கும் ஒருசேரச் செல்கிறார். அவர் நினைப்பது: “பேருந்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.” தில்லியில் ஐ.டி.ஓ. சந்திப்பைக் காலை வேளையில் பேருந்தில் கடக்கும்போது, சன்னலுக்கு நேர் கீழே, கையை நீட்டினால் தொடக்கூடிய தொலைவில் தலைக்கவசங்கள் நகர்வதை இக்கட்டுரையாளர் பன்முறை கண்டுள்ளார். அவற்றுள் ஒன்றையேனும் ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து கண்டிருக்க இயலாது.

கனரக ஊர்திகளின் பக்கவாட்டில், முன் பின் சக்கரங்களுக்கிடையே தடுப்புச் சட்டங்கள் பொருத்தப்பட வேண்டும் என்பது விதி. விழுந்தவர் சக்கரத்தின் கீழ் உருளாமல் தடுப்பதே அதன் பணி. தகுதிச் சான்று வழங்கும் அதிகாரிகள் இச்சட்டத்தின் உறுதியைச் சோதிக்கச் செலவிடும் ஓரிரு நிமிடம் வீணான நிமிடமன்று. வர்ணம் பூசிய மெல்லிய தகடு கண்ணுக்குச் சட்டமாகத் தோன்றலாம். ஒரு மனிதரின் எடையை அது தாங்காது.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடைபுகுதல் என்ற பெயரில் தனிப் பிரிவு இல்லை. ஆனால் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளுக்கு மாற்றாக 2017இல் வெளியிடப்பட்ட மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், தடங்கள் வரையப்பட்ட சாலையில் தடத்திற்குள்ளேயே செல்ல வேண்டும் என்றும், உரிய சைகை காட்டிய பின்னரே தடம் மாற வேண்டும் என்றும் விதிக்கின்றன. இடப்புறமாக முந்துவதற்கும் சில விலக்குகள் தவிர அனுமதி இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வொழுங்குமுறைகளை மீறுவோர்க்கு 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்ததோடு, சட்டத்திற்கு மாறான முறையில் முந்திச் செல்வதை ‘அபாயகரமாக ஓட்டுதல்’ என்னும் குற்றத்தின் விளக்கத்திலும் சேர்த்தது.

எழுத்தளவில் சட்டம் தெளிவாகவே உள்ளது. நடைமுறையில், நிற்கும் வரிசைக்கிடையே ஊர்ந்து செல்பவரும், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார்களுக்கிடையே வளைந்து செல்பவரும் ஒரே விதியை மீறியவர்களாகிறார்கள். எல்லோரும் மீறும் விதியைக் காவலர் எவர் மீதும் செயற்படுத்துவதில்லை. செயற்படுத்தும் நாளில் கையிலகப்படுபவர் பெரும்பாலும் மெதுவாகச் சென்றவரே. இவ்விரண்டையும் சட்டமே பிரித்துக் காட்டுவது நலம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிற நாடுகள் அவ்வழியில்தான் சென்றுள்ளன.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜூலை முதல், மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஊர்திகளுக்கிடையே செல்ல அனுமதித்தது. பயிற்சி உரிமம் பெற்றவர்களுக்கும், பள்ளி நேரத்தில் பள்ளிப் பகுதிகளிலும், நடைபாதைக் கல்லை ஒட்டியும் அவ்வனுமதி இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2019இல், மற்ற ஊர்திகள் முற்றிலும் நின்றுகொண்டிருந்தால் மட்டும், மணிக்கு சுமார் 24 கிலோமீட்டருக்கு மிகாமல் செல்லலாம் என்றது. பிரான்சு 2016 முதல் சில மாவட்டங்களில் சோதனை நடத்தி, 2025 ஜனவரியில் அதனைப் பொதுவிதியாக்கியது. பிரித்தானியாவின் சாலை நெறிகள் மெதுவாக நகரும் வரிசையில் இதனைத் தடுப்பதில்லை; குறைந்த வேகத்தையும் பாதசாரிகள் மீது கவனத்தையும் வற்புறுத்துகின்றன.

கலிபோர்னியா மாநிலம் 2016இல் சட்டமியற்றி, ஓடும் ஊர்திகளுக்கிடையேயும் செல்வதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு நமக்கும் பயன்படுவது. 2012 ஜூன் முதல் 2013 ஆகஸ்டு வரை விபத்துக்குள்ளான 5,969 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளைப் பற்றிய விவரங்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 997 பேர் விபத்தின்போது இடைபுகுந்து சென்றுகொண்டிருந்தவர்கள். இந்த 997 பேருள் தலைக்காயம் அடைந்தோர் 9 விழுக்காடு. மற்றவர்களில் 17 விழுக்காடு. உடற்பகுதிக் காயம் 19 விழுக்காட்டிற்கு எதிராக 29 விழுக்காடு. இறந்தோர் 1.2 விழுக்காடு, மற்றவர்களில் 3 விழுக்காடு. பின்னால் வந்த ஊர்தியால் மோதப்படுவதும் இடைபுகுந்தோரிடையே குறைவாக இருந்தது. ஆனால் முன்னால் சென்ற ஊர்தியின் பின்புறத்தில் தாமே மோதியோர் 38 விழுக்காடு; மற்றவர்களில் 16 விழுக்காடே. சுற்றியுள்ள போக்குவரத்தைவிட மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் விரைந்து சென்றவர்களிடையே காயங்கள் கூடின.

இந்த எண்களை எடுத்தாளும்போது எச்சரிக்கை வேண்டும். இவை விபத்துக்குள்ளானவர்களிடையே காயத்தின் அளவை ஒப்பிடுகின்றன. இடைபுகுவதால் விபத்து நேரும் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா என்பதற்கு, விபத்தின்றி இடைபுகுந்து சென்றோர் எத்தனை பேர், எத்தனை தூரம் சென்றனர் என்னும் பகுதி எண் தேவை. அது இவ்வாய்வில் இல்லை. மேலும், கலிபோர்னியாவில் கார்கள் தத்தம் தடத்தில் நிலையாகச் செல்கின்றன. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அனைவருக்கும் 1992 முதல் தலைக்கவசம் கட்டாயம். அங்கே சந்து என்பது ஓரளவு நிலையான பாதை. இங்கே அது நகரும் சுவர்களுக்கிடையே உள்ள பிளவு. அந்நாட்டு முடிவை எடுத்துக்காட்டி இங்கு அனுமதி கோருவது பொருந்தாது; அந்நாட்டு முறையை எடுத்துக்காட்டி இங்கும் கணக்கெடுக்கக் கோரலாம். விபத்தின்போது ஓட்டி இடைபுகுந்து கொண்டிருந்தாரா, அவர் வேகம் என்ன, சுற்றியிருந்த ஊர்திகளின் வேகம் என்ன என்பவற்றை நிரப்புவதற்குக் காவல்துறையினருக்கு ஒரு துணைப் படிவம் கொடுத்தே அவ்வாய்வு நடந்தது. நமது விபத்துப் பதிவுகள் இன்று மின்னணு முறைக்கு மாறியுள்ளன. மூன்று கேள்விகளைக் கூட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

முன்னால் சென்றவர் நிற்பதற்கு இடம்

சந்து வழியே முன்னேறிய இருசக்கர ஊர்திகள் நிறுத்தக்கோட்டை அடைந்ததும் எங்கே நிற்கின்றன? பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடுகளின் மீது. தடத்தில் இடமில்லை, பின்னால் செல்ல வழியில்லை. முதியவரும் பள்ளிக் குழந்தையும் அந்த ஊர்திகளைச் சுற்றிக்கொண்டு சந்திப்பின் நடுப்பகுதி வழியே சாலையைக் கடக்கிறார்கள். 2022இல் நமது சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். ஒருவர் மிச்சப்படுத்தும் நேரத்தின் விலையை மற்றொருவர் செலுத்துகிறார் என்பதைப் பொருளியல் நூல்கள் புறவிளைவு என்று கூறும்.

தைவானில் நிறுத்தக்கோட்டிற்கு முன்னால் இருசக்கர ஊர்திகளுக்கென்றே ஒரு கட்டம் வரையப்பட்டுள்ளது. கார்களின் நிறுத்தக்கோடு பின்னால். அதற்கு முன் இக்கட்டம். அதற்கும் முன்னால் பாதசாரிகளின் வரிக்கோடுகள். ஸ்பெயினின் பார்சிலோனாவும் 2009 முதல் இத்தகைய கட்டங்களை அமைத்தது. வேண்டியது வெள்ளை வர்ணமும், கார்களின் நிறுத்தக்கோட்டைச் சில மீட்டர் பின்னுக்குத் தள்ளும் துணிவும். பச்சை விளக்கு எரிந்ததும் இருசக்கர ஊர்திகள் கூட்டமாக முதலில் சென்றுவிடுவதால், திரும்பும் கார்களோடு அவை கலந்து மோதும் வாய்ப்பும் குறைகிறது. கார்கள் இக்கட்டத்தையும் ஆக்கிரமித்துக்கொள்ளும் என்பது நியாயமான ஐயமே. முதல் சில மாதங்களுக்குக் காவலர் நின்றாக வேண்டும்.

மலேசியா மற்றொரு வழியை மேற்கொண்டது. கோலாலம்பூரை ஒட்டிய கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதை அமைக்கப்பட்டது. ஷா ஆலம் பகுதியில் அத்தகைய பாதை திறக்கப்பட்ட பின் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 34 விழுக்காடு குறைந்ததாக 1995இல் வெளியான ஆய்வு கூறியது. புதிதாக அகலப்படுத்தப்படும் நகரப் புறவழிச் சாலைகளுக்கு இதனைக் கருதலாம். கடைகளும் வீடுகளும் நெருங்கிய பழைய சாலைகளுக்கு இது பொருந்தாது.

ஓட்டுபவரின் கையில் உள்ளவை

சட்டமும் சாலையும் மாறும்வரை காத்திராமல் ஓட்டுபவர் செய்யக்கூடியவை சில உண்டு. மற்ற ஊர்திகள் நின்றிருந்தால், தேவையானபோது இரண்டு மீட்டருக்குள் நிற்கக்கூடிய வேகத்திற்கு மேல் போகாதிருப்பது. அவை நகரத் தொடங்கியதும் அருகிலுள்ள தடத்தில் ஒரு காரைப் போல இடம் பிடித்து நிலைத்துவிடுவது. முன்னாலுள்ள காரின் விளக்கைவிட அதன் முன்சக்கரத்தைக் கவனிப்பது. நம் ஓட்டுநர்களில் பலர் சைகை விளக்கைப் போட மறந்தாலும் சக்கரத்தைத் திருப்பாமல் தடம் மாற எவராலும் முடியாது. பேருந்து, லாரிகளின் இடப்புறத்தில் எக்காரணம் கொண்டும் புகாதிருப்பதை மட்டும் தனி விதியாகவே கொள்ளலாம்.

பின்காட்டும் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். சந்துகளில் புகும்போது இடிக்கிறது என்பதற்காக அதனைக் கழற்றி வைப்போரும் உட்புறம் மடக்கிவிடுவோரும் பலர். இடைபுகுவதற்கு வசதியாக, இடைபுகும்போது மிகுதியும் தேவைப்படும் கருவியை நீக்கிவிடுகிறார்கள்.

2018 ஏப்ரல் முதல் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட புதிய வடிவங்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் அவ்வகை புதிய ஊர்திகள் அனைத்திற்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. சிறிய ஊர்திகளுக்கு முன், பின் பிரேக்குகள் இணைந்து இயங்கும் அமைப்புப் போதுமென விடப்பட்டது. அத்தகைய சிறிய வண்டியில், மழை பெய்த சாலையில், சந்து நடுவே முன்பிரேக்கைத் திடீரென அழுத்துபவருக்கு வழுக்கி விழுவதைத் தவிர வேறு முடிவு கிடைப்பது அரிது.

தலைக்கவசத்தைப் பற்றிப் புதிதாகக் கூற ஒன்றுமில்லை. ஆயினும் கூறாதிருக்கவும் இயலாது. 2022இல் தலைக்கவசம் அணியாத நிலையில் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் சென்றவர்கள். சட்டத்தின் 129ஆம் பிரிவு பின்னிருக்கையில் அமர்பவரையும் உட்கொண்டதே. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மதிப்பாய்வு ஒன்று, தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டது. 2021 ஜூன் முதல் இந்தியத் தர நிறுவன முத்திரை இல்லாத தலைக்கவசங்களை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் சாலையோரங்களில் அவை விலைபோகின்றன. தாடைப் பட்டியைப் பூட்டாமல் அணிவோரும் குறையவில்லை. காவலரைக் கண்டதும் அணிந்து, கடந்ததும் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளப்படும் தலைக்கவசம் காவலரிடமிருந்து மட்டுமே காக்கும்.

விரைவுக்குக் கூலி

கடந்த சில ஆண்டுகளாக இப்பிரச்சினைக்கு ஒரு புதிய பொருளாதாரக் காரணம் சேர்ந்துள்ளது. உணவையும் மளிகைப் பொருட்களையும் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் இருசக்கர ஊர்தியையே நம்பியிருப்பவர்கள். இவர்களை உள்ளடக்கிய, இணையதளங்கள் வழி பணிபுரியும் தொழிலாளர்களின் எண்ணிக்கை 2020-21இல் 77 லட்சம் என்றும், 2029-30இல் 2 கோடியே 35 லட்சமாகும் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒவ்வொரு பொட்டலத்திற்கும் கூலி. முன்னர்க் கண்ட கணக்கின்படி சாதாரண ஊழியர் ஆண்டுக்கு 50 மணி நேரம் மிச்சப்படுத்தினால், நாள் முழுவதும் சாலையிலேயே இருக்கும் இவர் மிச்சப்படுத்துவது அதைப் போலப் பன்மடங்கு. அந்நேரம் அவருக்கு ஓய்வாக அமைவதில்லை. மேலும் இரண்டு பொட்டலங்களாகிறது. சந்தில் புகாதே என்று அவரிடம் கூறுவது கூலியில் ஒரு பகுதியை விட்டுக்கொடு என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

ஏழைக் குடும்பங்களில் விபத்தின் விளைவு பற்றி உலக வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டில் சாலை விபத்துக்குள்ளான ஏழைக் குடும்பங்களில் 75 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை வருமானம் குறைந்ததாகக் கூறின எனத் தெரிவிக்கிறது. கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருப்பவருக்கு மருத்துவச் செலவைவிட இழந்த நாட்களே பெரிய சுமை. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இத்தொழிலாளர்களை முதன்முறையாக இனங்கண்டு, விபத்துக் காப்பு உள்ளிட்ட திட்டங்களுக்கு வழி வகுத்தது. அத்திட்டங்களை வகுக்கும்போது, காப்பீட்டுத் தொகையோடு கூலி முறையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியுள்ளது. பொட்டலம் ஒன்றுக்கு இவ்வளவு என்பதற்குப் பதிலாக, சாலையில் இருக்கும் மணி நேரத்திற்கு ஒரு குறைந்தபட்ச ஊதியமும், அதற்கு மேல் பொட்டலத்திற்குச் சிறு தொகையும் எனப் பிரித்துவிட்டால், ஒரு சந்திப்பில் மிச்சமாகும் ஒரு நிமிடத்தின் விலை குறைந்துவிடும். எந்த அளவில் பிரிப்பது என்பதை முடிவு செய்வதற்கு நிறுவனங்களிடம் ஒவ்வொரு பயணத்தின் வேகமும் பாதையும் வினாடி வாரியாகப் பதிவாகியுள்ளன. தொழிலாளர் துறை அவற்றை, பெயர்களை நீக்கியேனும், கேட்டுப் பெறத் தொடங்கலாம்.